ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலியோ?

மதுர மீனாட்சி பொறக்கும்போது மூணு மாரோட பொறந்தாளாம். அப்பன் பாண்டியராசா பதறிப்போனான். கட்டிக்கப்போறவனக் கண்டதும் ஒண்ணு தன்னால மறஞ்சிரும்னு அசரீரி சொல்லிச்சு. அதுவரைக்கும் அந்தப் பிள்ள மூலையில ஒக்காந்து அழுதாளா? வாளெடுத்து எட்டுத் திக்கும் செயிச்சுட்டு வந்தா. கண்ணகி இருக்காளே, அவ ஒண்ணத் திருகி மதுர மேல வீசிட்டு, மிச்சம் ஒண்ணோட மல ஏறி இந்தச் சேர நாட்டுக்கு வந்தா. சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் கட்டுனான். நம்ம கொடுங்கல்லூர் பகவதி அவதான்னு இன்னைக்கும் சொல்லுதாக. மூணு உள்ளவளும் சாமி, ஒண்ணு உள்ளவளும் சாமி. ஒனக்கு ரெண்டு இருக்கு, ஏட்டி. அதுல ஒண்ணு அர வெரக்கட மேல நிக்குன்னு விடிஞ்சதுலேருந்து கண்ணக் கசக்கிட்டுக் கெடக்கே.

நான் ஆருன்னு கேக்கியா? கலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சந்துக்குள்ள தையல் மிசினோட ஒக்காந்திருக்க ஆச்சி. சங்கரன்கோவில் பொறப்பு. வாக்கப்பட்டு வந்த எடம் இது. செவ்வாக்கெழம அந்தோணியார் கோயிலுக்கு வார கூட்டத்துல, ஒரு கொக்கி தைக்கணும்னாவது நாலு பேரு எங்கிட்ட வந்து நிப்பாக. மலையாளத்துக்காரி, தமிழ்க்காரி, மட்டாஞ்சேரியிலேருந்து வார கொங்கணிக்காரி, குசராத்திக்காரி, எல்லாரையும் இஞ்சு டேப்புக்குள்ள பாத்தாச்சு. பாத்ததச் சொல்லுதேன், கேளு. ரெண்டும் ஒண்ணுபோல உள்ளவள நான் இன்னும் பாக்கல.

அளவெடுக்கையில தையக்காரி என்ன செய்வா தெரியுமா? தோள்லேருந்து மார்முனைக்கு டேப்ப வைப்பா. எடப்பக்கம் ஒரு அளவு வரும். வலப்பக்கம் வேற வரும். எது பெரிசோ அத நோட்டுல எழுதுவா. பெரிசுக்கு வெட்டி, சின்னதுக்கு டாட்ட, அதான் அந்த மடிப்புத் தையல, ஒரு நூல் கூடப் பிடிச்சிருவா. அம்புட்டுதான். வந்தவகிட்ட மூச்சு விட மாட்டா. அவளும் வீட்டுக்குப் போயிப் போட்டுப் பாத்துட்டு, ஆச்சி தச்சா கச்சிதம்னு நாலு பேருகிட்ட சொல்லுவா. கச்சிதம் எங்கேருந்து வந்துச்சு? டாட்டுலேருந்து வந்துச்சு. நீ பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடுத வெளம்பரத்துக்காரிக்கும் எங்கயோ ஒரு டாட்டு பிடிச்சிருக்கு, தாயி. அங்க கத்திரிக்கோலு கம்ப்யூட்டர்காரன் கையில இருக்கு.

ஏல, இவ தோளுக்குப் பின்னால நின்னு எட்டிப் படிக்க பயலே! ஓம் மீசையில ரெண்டு நுனியும் ஒண்ணாவா மொளச்சிருக்கு? போ, போயி அளந்து பாரு.

சரி, மாருக்குள்ள பை வச்சு ஆப்பரேசன் செஞ்சது செஞ்சாச்சு. ஏன் செஞ்சேன்னு கேக்க நான் ஆரு? ஓங் காசு, ஓன் ஒடம்பு. பிள்ள பெத்து வத்திப்போனவ செய்யுதா. புத்துநோயில ஒரு பக்கத்தப் பறிகொடுத்தவ செய்யுதா. திருநங்கைப் பிள்ளைக செய்யுதாக. சும்மா ஆசைக்குச் செய்யுதவளும் உண்டு. ஆசையில என்ன குத்தம்? மூக்குத்தியும் ஆசதான். எனக்குச் சிரிப்பு வாரது அதுக்கில்ல. மாசக்கணக்கா போன நோண்டிப் படிச்சே. பை முந்நூறு சிசியா, முந்நூத்தி இருவத்தஞ்சு சிசியான்னு ராத்திரி ஒறக்கம் இல்ல. இருவத்தஞ்சு சிசின்னா எம்புட்டு? அஞ்சு தேக்கரண்டி! இந்த அஞ்சு கரண்டிக்கு எறணாகொளத்துல உள்ள டாக்டரெல்லாம் பாத்தே. மாசத் தவண போட்டே. ஆபீஸ்ல குடல்வால் ஆப்பரேசன்னு பொய் சொல்லி லீவு வாங்கினே. அம்புட்டுக்கும் ஒங்கிட்ட பொறும இருந்துச்சு. இப்பம் மூணாவது வாரம். அந்தப் பொறும எந்தப் பக்கம் போச்சு?

காலைல எந்திச்சதும் என்ன செய்யுதே? பல்லு வெளக்கதுக்கு முந்திப் போன எடுக்கே. குளிமுறிக்குள்ள போயிக் கதவச் சாத்துதே. ஆஸ்பத்திரியில குடுத்த இறுக்குப் பாடியக் கழத்துதே. ஒரு கையில போன ஒசத்திப் பிடிச்சுப் படம் எடுக்கே. நேத்துப் படத்தையும் இன்னைக்குப் படத்தையும் பக்கம் பக்கமா வச்சு, குறுக்க ஒரு செவப்புக் கோடு வேற போட்டுப் பாக்கே. அட கோட்டிக்காரி! கைய ஒசத்துனா தோள் ஒசரும். தோள் ஒசந்தா அந்தப் பக்கத்து மாரும் கூட ஒசரும். இது தெரியதுக்கு எம்.பி.பி.எஸ் படிக்கணுமா? கைய மாத்திப் பிடிச்சு எடுத்துப் பாரு, நாளைக்கு மத்தது ஒசரும். அதுக்கும் அழுவியா?

என் பேத்தி ஒருத்தி நர்சு. ஆப்பரேசன் தியேட்டர்ல நிக்கவ. அவ சொன்னத எம் பாசையில சொல்லுதேன். பையை நெஞ்சுச் சதைக்கு அடியில வைப்பாக. சில பேருக்குச் சதைக்கு மேல, பால் சுரப்பிக்கு அடியில வைப்பாக. நெஞ்சுச் சத இருக்கே, அது கூட்டிப் பெருக்கி, மாவாட்டி, பிள்ளையத் தூக்கி வேல செஞ்சு பழகுனது. அதுக்கு அடியில திடீர்னு ஒண்ணத் திணிச்சா சும்மா இருக்குமா? இறுகிக்கிட்டு, உள்ள வந்தத மேல தள்ளும். வீக்கமும் சேந்துக்கிடும். அதான் மொத வாரங்கள்ல மேல் பக்கம் பொடச்சும் கீழ்ப் பக்கம் தட்டையாவும் நிக்குது. நாளாக நாளாகச் சத தளரும். கீழ்த் தோல் இளகிக் குடுக்கும். நீர் வத்தும். பை மெல்ல தன் எடத்துல எறங்கி ஒக்காரும். இதுக்கு மூணு மாசம் ஆவும், சிலருக்கு ஆறு மாசம். வருசம் வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமா மாறிக்கிட்டு இருக்கவளும் உண்டு. அதனாலதான் ஆறு மாசம் கழியாம வடிவத்தச் சரி பண்ணுதேன்னு நல்ல டாக்டர் எவரும் மறுபடி கத்திய எடுக்க மாட்டாரு.

ரெண்டும் ஒரே நாள்ல எறங்கணும்னு எந்த ஊருச் சட்டம்? சோத்துக்கைப் பக்கத்துச் சதைக்குப் பொதுவா உரம் கூட. அந்தக் கைக்கு வேலையும் கூட. அந்தப் பக்கம் வீக்கம் வத்தவும் பை எறங்கவும் பிந்தலாம். போதாக்கொறைக்கு நீ என்ன செஞ்சே? வாளி தூக்காதேன்னு சொல்லி அனுப்புனாக. தூக்குனே. வண்டி ஓட்டாதேன்னாக. ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு எடப்பள்ளி லுலு மாலுக்குப் போனே. மெட்ரோவுல போனாலும் ஒக்காராம, ஒசரத்துல தொங்குத பிடியப் பிடிச்சுக்கிட்டுப் போன்ல ரீல்ஸ் பாத்தே. ராத்திரி வந்து, ஆச்சி வலது பக்கம் வீங்கியிருக்குங்கே. வீங்காம பூவா பூக்கும்?

இன்னொண்ணும் இருக்கு. ஓன் வெலா எலும்பு ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல கெடையாது. தோளும் கெடையாது. நடுத்தண்டு லேசா வளஞ்சவளும் உண்டு. முந்தி இருந்த அர நூல் வித்தியாசம், பை வச்ச பொறவு கண்ணுல குத்தும். ஆப்பரேசனுக்கு முந்தியே டாக்டரு படம் எடுத்து, அளந்து, மோளே நினக்கு பண்டே வித்யாசம் உண்டுன்னு, அதாவது முந்தியே ரெண்டும் ஒண்ணில்லன்னு, சொல்லித்தான் இருப்பாரு. அப்பம் நீ தலைய ஆட்டுனே. காதுல ஏறலை. சிசிக்கணக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கும்.

இப்பம் செய்யவேண்டியது என்னன்னு கேட்டா பெரிசா ஒண்ணுமில்ல. மல்லாக்கப் படு. தலைக்கு ரெண்டு தலகாணி வையி. அவுக குடுத்த பாடிய அவுக சொன்ன நாள் வரைக்கும் போடு. கம்பி வச்சது இப்பம் வேண்டாம். தடவி விடச் சொன்னா, எப்படித் தடவணும்னு காட்டித் தருவாக, அப்படித் தடவு. சொல்லலேன்னா கைய வைக்காத. பக்கத்து வீட்டு சேச்சி கொழம்பு சட்டியில எண்ணெயச் சூடு பண்ணிக்கிட்டு வந்து, நான் பிடிச்சு விட்டு எறக்குதேன்னா கதவச் சாத்து. தெரியாத தொழில்ல கைய வைக்கவளுக்கு ஊர்ல பஞ்சமே இல்ல.

இதுவரைக்கும் சிரிச்சேன். இதச் சிரிக்காம சொல்லுதேன். மெல்ல மெல்ல வார ஏத்த எறக்கம் வேற, திடீர்னு வார வீக்கம் வேற. ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்துல கல்லா இறுகி, மத்ததவிடப் பெருத்து, வலி தெறிச்சு, நீலம் பாஞ்சா உள்ள ரத்தம் கட்டுதுன்னு அர்த்தம். செவந்து, சூடேறி, காய்ச்சலடிச்சு, தையல் வழியா நீரோ சீழோ வந்தா கிருமி பூந்துருக்கு. நெஞ்சு வலிச்சாலும், மூச்சு முட்டுனாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் ரத்தக்குழாய்ல ரத்தம் ஒறஞ்சிருக்கலாம். இதுக்கெல்லாம் படம் எடுத்துக் கோடு போட்டுக்கிட்டு ஒக்காராத. ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஆட்டோவப் பிடி. மாசக்கணக்குக்குப் பொறவு ஒரு பக்கம் மட்டும் இறுகி மேல ஏறிக்கிட்டே போனா, பையைச் சுத்தி ஒடம்பு போடுத சவ்வு தடிச்சுச் சுருங்குதுன்னு அர்த்தம். அதையும் டாக்டருகிட்டதான் காட்டணும். எனக்கு இதுல என்ன வேடிக்கைன்னா, அர வெரக்கடைக்கு ஊரக் கூட்டுதவதான் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டு, காலைல பாப்போம்னு போத்திக்கிட்டுப் படுப்பா.

இந்த வைத்தியம் பொறந்த கதையக் கேளு, நீயே சிரிப்பே. 1895ல செருமனியில ஹைடல்பெர்க் ஊர்ல செர்னின்னு ஒரு டாக்டரு. மேடையில பாடி நடிக்க ஒருத்திக்கு ஒரு மார்ல கட்டி. எடுத்தா அந்தப் பக்கம் குழி விழும். பொறவு மேடையில எப்படி நிப்பா? அவளுக்கு முதுகுப் பக்கம் ஒரு கொழுப்புக்கட்டி இருந்துச்சு. செர்னி அத எடுத்து இங்கன வச்சுத் தச்சுட்டாரு. தொடக்கமே ஏத்த எறக்கத்தச் சரி பண்ணத்தான்.

பொறவு 1962. அமெரிக்காவுல டெக்சாஸ் மாகாணத்து ஹூஸ்டன்ல டிம்மி ஜீன் லிண்ட்சேன்னு ஒருத்தி, ஆறு பிள்ள பெத்தவ. மார்ல பச்ச குத்துன ரோசாப்பூவ அழிக்கணும்னு தர்மாஸ்பத்திரிக்குப் போனா. அங்க குரோனின், ஜெரோன்னு ரெண்டு டாக்டருமாரு. ஜெரோ ஒருநா ரத்தம் அடச்ச பிளாஸ்டிக் பையக் கையில பிடிச்சு அமுக்கிப் பாத்து, அடடே, இது அதுமாதிரில்லா இருக்குன்னு ரோசன பண்ணுன ஆளு. சிலிக்கோன் பை செஞ்சு ஒரு நாய்க்கு வச்சுப் பாத்தாச்சு. அடுத்தது மனுசி. இவகிட்ட, வச்சுக்கிடுதியாம்மான்னு கேட்டாக. அவ என்ன சொன்னா தெரியுமா? எங் காது ரெண்டும் வெளிய நீட்டிட்டு நிக்குதே, அத ஒட்ட வச்சுத் தந்தா சரின்னா! அவளுக்கு மாரப் பத்திக் கவலையே இல்ல, ஏட்டி. காதப் பத்தித்தான் கவல. ஒலகத்துல மொத சிலிக்கோன் மாரு ரெண்டும் காதுக்குக் கொசுறா வந்தது.

அதுக்குப் பொறவு எம்புட்டோ நடந்துபோச்சு. 1992ல அமெரிக்காவுல சிலிக்கோன் பையை அழகுக்கு வைக்கக் கூடாதுன்னு நிறுத்துனாக, 2006லதான் திரும்ப விட்டாக. பிரான்சுல ஜான் குளோத் மாஸ்னு ஒரு மொதலாளி, ஒடம்புக்குள்ள வைக்கத் தகுதியில்லாத தொழிற்சாலச் சிலிக்கோன நெரப்பி வித்தான். 2010ல மாட்டுனான். 2013ல நாலு வருசம் செயிலுன்னு தீர்ப்பாச்சு. 2019ல அலர்கன் கம்பெனி, சொரசொரப்பு ஓடு போட்ட ஒரு ரகத்த, அதச் சுத்தி ஒருவகைப் புத்து வருதுன்னு ஒலகம் பூரா திரும்ப எடுத்துக்கிட்டுது. இது ஆயுசுக்கும் உள்ள சாமான் இல்லேன்னு அமெரிக்க மருந்து ஆபீசே சொல்லுது. சிலிக்கோன் வச்சவ அஞ்சாறு வருசம் ஆனா ஒரு ஸ்கேன் எடுக்கணும். பொறவு ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா எடுக்கணும். அதுசரி, ஒனக்குள்ள இருக்கது எந்தக் கம்பெனி, என்ன நம்பருன்னு ஒரு அட்ட குடுத்திருப்பாகளே, அது எங்க? முழிக்கே பாரு! சிசி தெரியுது, நம்பரு தெரியல. மொதல்ல போயி அதத் தேடி, ஆதார் அட்ட வச்சிருக்க எடத்துல வையி.

நம்ம ஊர்ல சென்ன ஸ்டான்லி ஆஸ்பத்திரியில 2018 பிப்ரவரியில இதுக்குன்னு எலவசப் பிரிவே தொறந்தாக. ஏழைக்கு மட்டும் அழகு வேண்டாமான்னு அப்பம் சுகாதார அமைச்சரா இருந்த விஜயபாஸ்கர் கேட்டாரு. உயிர் காக்க வேலைய விட்டுட்டு அழகு வேலையான்னு சில பேரு மொகஞ் சுளிச்சாக. மொகஞ் சுளிச்சவுக எவரும் எம் மிசினுக்கு முன்னால வந்து நின்னதில்ல. ஒரு பக்கம் வளராமயே போன பிள்ளைக உண்டு. கல்யாண ஜாக்கெட்டு தைக்க வரும்போது, அம்மாவ வெளிய நிக்கச் சொல்லிட்டு எங் காதுல வந்து சொல்லும். துணியச் சுருட்டி வச்சு, அது நவுராம உள்ள ஒரு பை தச்சுக் குடுப்பேன். அந்தப் பிள்ளைக்கு எலவசமா ஒரு வழி பொறந்தா எனக்குச் சந்தோசந்தான். அவளுக்கு இருந்தது வித்தியாசம். ஒனக்கு இருக்கது வீக்கம்.

வீக்கம் வத்தக் காத்திருக்க மனசு இல்லேங்கியா? இன்னா, மெட்ரோவுல ஏறுனா எடப்பள்ளி. அங்கன அமிர்தா ஆஸ்பத்திரி. பஸ் விபத்துல ரெண்டு கையும் போன புனே பிள்ளைக்கு 2017 ஆகஸ்டுல அங்கதான் கை வச்சாக. மூளச்சாவு ஆன ஒரு பையனோட கைக. பெரிய கை, கறுத்த கை. அத ஏத்துக்கிட்டா அந்தப் பிள்ள. வருசம் போகப் போக நெறம் வெளுத்து, வெரலு மெலிஞ்சு, அவ ஒடம்புக்குப் பொருந்துன கையாவே மாறிப்போச்சு. டாக்டருமாரே அசந்துட்டாக. அந்தக் கையாலதான் அவ காலேஜ் பரீட்சயும் எழுதுனா. அடுத்தவன் கையே ஒருத்திக்குச் சொந்தக் கையா ஆவ அவ வருசக்கணக்கா பொறுத்தா. நீ மூணு வாரத்துல டாக்டருக்கு ஏழு மெசேசு அனுப்பியிருக்கே. அதுல நாலு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல.

எங்க தெக்கத்திப் பொம்பளைக மாரு மேல ஒரு சீல போட்டதுக்கு அடிபட்டாக, தெரியுமா? திருவிதாங்கூர் சீமையில நாடாத்திமாரு சந்தையில துணி கிழிபட்டு, வருசக்கணக்கா போராடுனாக. 1859லதான் ராசா உத்தரவு போட்டான். அதுலயும், போட்டுக்கிடுங்க, ஆனா மேல்சாதிப் பொம்பளைக மாதிரி போடக் கூடாதுன்னு ஒரு கொக்கி. கண்டவன் கண்ணு படக் கூடாதுன்னு அவுக அம்புட்டுப் பாடுபட்டாக. நீ என்னடான்னா ஒரு போனக் கூப்பிட்டு, தெனம் காலைல நல்லாருக்கா இல்லையான்னு மார்க்குப் போடச் சொல்லுதே. அந்தப் படமெல்லாம் எங்கெங்க போயி ஒக்காந்திருக்கோ! அழி மொதல்ல. வாரத்துக்கு ஒரு படம் போதும், டாக்டருக்குக் காட்ட. சொவத்துல சாஞ்சு நின்னு, ரெண்டு கையையும் தொங்க விட்டு, வேற ஒருத்திய எடுக்கச் சொல்லு.

பொறவு இந்த ஜாக்கெட்டு சங்கதி. அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம்னு பட்டுத்துணியத் தூக்கிட்டு வந்தியே, அதக் கத்திரிக்கோல் போட்டு வெட்ட மாட்டேன். இன்னைக்கு அளவுல தச்சா பொங்கலுக்குத் தொளதொளன்னு நிக்கும். பொறவு கலூர் பூரா ஆச்சி தையல் சரியில்லம்பே. பட்டு ஆறு மாசம் பெட்டியில கெடக்கட்டும். கல்யாணத்துக்குப் பருத்தித் துணியில ஒண்ணு தச்சுத் தாரேன். கையத் தூக்காம போடுத மாதிரி முன்கொக்கி வச்சு, ரெண்டு பக்கமும் கயிறு கோத்து, உள்தையல் நெறைய விட்டு. வீக்கம் வத்த வத்த எந்தப் பக்கம் தளருதோ அந்தக் கயித்த இழுத்துக் கட்டிக்கோ. கூலி கூடத்தான். ஆபீசுக்கு ஒரு பொய் சொல்லத் தெரிஞ்சவளுக்கு ஆச்சிக்குக் காசு குடுக்கத் தெரியாதா? லைனிங் துணி பிராட்வேயில நீயே வாங்கிட்டு வா. பஸ்சுல போ, ஒக்காந்து போ. ஸ்கூட்டிய எடுத்தேன்னு கேள்விப்பட்டேன், சாவிய வாங்கித் தையல் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிருவேன்.